வீட்டுத் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டம் போட ஆரம்பித்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை, நான் சொல்லும் பதில்களோடு இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவனிக்காமல் விட்டு செடியைக் கெடுத்தவர்களைவிட, அளவுக்கு மீறிக் கவனித்துக் கெடுத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தண்ணீர் அதிகம், உரம் அதிகம், நட்ட ஆழம் அதிகம், நெருக்கம் அதிகம். கீழே உள்ள பதில்களில் பாதி இதைப் பற்றித்தான்.

புது வீடு, சுற்றிலும் வெறும் மண். எதிலிருந்து தொடங்குவது?

முதல் சில வாரங்கள் செடி எதுவும் வாங்காதீர்கள். ஒரு தாளில் வீட்டையும் சுற்றுச்சுவரையும் உத்தேசமாக வரைந்துகொள்ளுங்கள். நல்ல வெயில் நாளில் காலை 8 மணி தொடங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போய் எங்கே வெயில், எங்கே நிழல் என்று குறியுங்கள். காய்க்கும் செடிகளுக்குக் குறைந்தது 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். கீரை வகைகள் 3, 4 மணி நேரத்திலேயே வந்துவிடும். சூரியனின் பாதை பருவத்துக்குப் பருவம் நகரும். கோடையில் வெயில் விழுந்த இடம் குளிர்காலத்தில் சுவர் நிழலுக்குள் போய்விடலாம். அதனால் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை குறித்துப் பாருங்கள்.

அப்புறம், நல்ல மழை பெய்யும்போது குடையோடு ஒரு கால் மணி நேரம் வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பது அப்போது தெரிவதுபோல வேறெப்போதும் தெரியாது. மழை விட்டு ஒரு நாள் ஆன பிறகும் தண்ணீர் நிற்கிற இடத்தில் மரம் வைக்க வேண்டாம். கழிவுநீர்க் குழாய், தண்ணீர்க் குழாய், நிலத்தடி மின்கம்பி போகும் வழியையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். கடப்பாரையைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

புது வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டட வேலை நடந்தபோது வண்டிகள் ஏறி இறங்கி மண் இறுகிப்போயிருக்கும். உடைந்த செங்கல், சிமென்ட் கலவை எல்லாம் ஒரு சாண் மண்ணுக்கடியில் கிடக்கும். சிமென்ட் கலவை மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். நான்கைந்து இடத்தில் ஓர் அடி ஆழம் தோண்டிப் பார்த்து, கிடைப்பதை அள்ளி வெளியே போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

என் மண் எப்படிப்பட்டது என்று நானே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஒரு கண்ணாடி பாட்டில் போதும். அரை அடி ஆழத்திலிருந்து மண்ணை எடுத்து, கல், வேர் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நிரப்புங்கள். மீதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கரகரவென்று அடியில் படிவது மணல். அதன்மேல் அடுத்த சில மணி நேரத்தில் படிவது வண்டல். தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருந்து, ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கழித்து மேலே மெல்லிய பசைபோலப் படிவது களி. தண்ணீரில் மிதப்பது மக்கு. மூன்று அடுக்குகளையும் அளவுகோல் வைத்து அளந்தால் உங்கள் மண்ணின் கணக்கு கிடைத்துவிடும்.

அடுத்தது வடிகால் சோதனை. ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, முழுதும் வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 1 முதல் 2 அங்குலம் இறங்கினால் கவலையில்லை. மறுநாள் வரை தண்ணீர் நின்றால், அங்கே பாத்தியை மேடாக உயர்த்திக் கட்ட வேண்டும்.

அமில, கார அளவை (pH) மட்டும் மண் பரிசோதனைக் கூடத்தில் பார்ப்பதே நல்லது. பெரும்பாலான காய்கறிகள் இந்த அளவு 6-க்கும் 7-க்கும் இடைப்பட்ட மண்ணில் நன்றாக வரும்.

களிமண்ணில் மணலைக் கலந்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. பெரும்பாலும் மோசமாகும். மணலின் இடைவெளிகளைக் களித்துகள்கள் அடைத்துக்கொள்ள, காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். களிமண்ணுக்கும் மணல் மண்ணுக்கும் மருந்து ஒன்றுதான்: மக்கிய தொழு உரம் அல்லது இலை மக்கு. பாத்தியின் மேல் 2, 3 அங்குல உயரத்துக்குப் பரப்பி, மேல் அரை அடியில் கலந்துவிடுங்கள். பிறகு ஆண்டுதோறும் ஓர் அங்குலம் மேலே போட்டால் போதும், மண்புழுக்கள் கீழே கொண்டுபோய்விடும். களிமண்ணை ஈரமாக இருக்கும்போது மிதிக்கவோ கொத்தவோ கூடாது. ஒரு நாள் மிதித்தது ஒரு பருவம் முழுக்கத் தெரியும்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

மணியைப் பார்த்து ஊற்றாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். நுனியில் குளிர்ச்சி தட்டி, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்று வேண்டாம். காய்ந்து பொலபொலவென்று உதிர்ந்தால் ஊற்றுங்கள். மேல்மண் வெளுத்திருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. அது காலையில் நனைந்து மதியத்துக்குள் வெளுத்துவிடும்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் என்றால் சரியாக 1 லிட்டர். காய்கறிப் பாத்திக்கு வாரம் சுமார் 25 மில்லிமீட்டர் என்பது பொதுவான தொடக்க அளவு. அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர், மழையையும் சேர்த்து. கடும் வெயிலில் இது கூடும். இதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறையாகப் பிரித்து நின்று நிதானமாக ஊற்றுவது மேல். மேலாகத் தெளித்தால் வேரும் மேலாகவே நிற்கும், ஒரு வெயிலுக்குத் தாங்காது. புது நாற்றுக்கும் தொட்டிச் செடிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றின் வேர் சிறியது, மண்ணும் குறைவு, அதனால் தினமும் பார்க்க வேண்டும்.

ஹோஸ் பைப்பால் தண்ணீர் பாய்ச்சிய அரை மணி நேரம் கழித்து ஓர் ஓரத்தில் கொத்திப் பாருங்கள். முதல் முறை செய்தபோது நான் திகைத்துப்போனேன். மேலே சேறாக இருந்தது, ஓர் அங்குலத்துக்குக் கீழே புழுதி.

இன்னொன்றும் கவனியுங்கள். மதியம் இலை தொங்கி, மாலையில் தானாக நிமிர்ந்தால் அது வெயிலின் களைப்பு, விட்டுவிடுங்கள். காலையிலேயே தொங்கியிருந்து, மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் காற்றில்லாமல் மூச்சுத் திணறுகிறது. அப்போது தண்ணீர் ஊற்றுவதுதான் கடைசி அடியாக விழுகிறது. வாட்டத்தைப் பார்த்ததும் கை தானாகப் பூவாளியைத் தேடும். விரலை விட்டுப் பார்க்காமல் தேட வேண்டாம்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியுமா?

வடியாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுக்க ஊறிய பிறகுதான் சொட்டும். கல் போட்டால் அந்த ஊறிய பகுதி இன்னும் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி தண்ணீர் கொட்டும். உயரமான தொட்டி நன்றாக வடிவதற்கும் இதுதான் காரணம். அடியில் ஓட்டை, அதன்மேல் ஒரு வலைத்துண்டு, மேலே மண். அவ்வளவு போதும். அடியில் தட்டு வைத்திருந்தால் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துவிடுங்கள். கொசு முட்டை பெரிய கொசுவாக 7 முதல் 10 நாள் போதும்.

மொட்டை மாடியில் பாத்தி கட்டலாமா?

கட்டுவதற்கு முன் எடையைக் கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஓர் அடி உயரத்துக்கு மண் போட்டால் சுமார் 300 லிட்டர். ஈரமண் லிட்டருக்கு ஒன்றரை முதல் 2 கிலோ வரை இருக்கும். ஆக, 450 முதல் 600 கிலோ. வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ கூடுதல் எடை தாங்கும்படிதான் வடிவமைக்கப்படுகின்றன. தளம் முழுக்க மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டுவது எவ்வளவு ஆபத்து என்று இதிலேயே தெரியும். கட்டடப் பொறியாளர் ஒருவரை வரவழைத்துக் காட்டாமல் இதைச் செய்யவே கூடாது.

தொட்டிகளும் க்ரோ பேக்குகளும் போதும் என்றால், தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் அதிகம், மண் குறைவு என்று கலந்து எடையைக் குறைக்கலாம். பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவர், தூண், உத்தரம் இருக்கும் இடங்களுக்கு மேலே வையுங்கள். தொட்டி தரையில் ஒட்டாமல் ஸ்டாண்டு மேல் இருந்தால் தளத்தில் ஈரம் நிற்காது. தக்காளி, கத்தரி போன்றவற்றுக்குச் செடிக்கு 15, 20 லிட்டர் மண் கொடுங்கள். கீரைக்கு அரை அடி ஆழமே அதிகம்.

மரக்கன்றை எப்படி நடுவது? ஆழமாக நட்டால் காற்றுக்குச் சாயாது என்கிறார்களே?

நான் ஒரு கன்றை அப்படித்தான் நட்டேன். நான்கு வருடம் நன்றாகவே வளர்ந்தது. பிறகு இலை சிறுத்தது, கிளை நுனிகள் காய்ந்தன. ஒரு காற்று நாளில் லேசாகச் சாய்ந்தது. கையால் தள்ளியபோது முழுதாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வேர்களைப் பார்த்தால், நர்சரிப் பையின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றிக் கயிறு போல முறுக்கிக்கொண்டிருந்தன. நான்கு வருடத்தில் ஒரு வேர்கூட அந்த வட்டத்தை விட்டு வெளியே போகவில்லை. மண்ணுக்கடியில் புதைந்திருந்த அடித்தண்டின் பட்டை கறுத்து மெத்தென்று இருந்தது. அந்த மரத்தை இழந்ததுதான் எனக்கு மரம் நடக் கற்றுக்கொடுத்தது.

எனவே பையை முழுதாகக் கிழித்து எடுங்கள். வேர்கள் சுற்றியிருந்தால் தயங்காமல், கூர்மையான கத்தியால் மூன்று, நான்கு பக்கம் மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். தண்டு அகன்று வேராகப் பிரிகிற இடம் எது என்று தேடுங்கள். பையிலேயே அது மண்ணுக்குள் புதைந்திருக்கும், மேல்மண்ணைச் சுரண்டி வெளியே கொண்டுவாருங்கள். நட்ட பிறகு அந்த இடம் தரை மட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குழியின் ஆழம் வேர்மண் கட்டியின் உயரம்தான், அதற்கு மேல் வேண்டாம். அகலம் மட்டும் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு.

குழியிலிருந்து எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். களிமண்ணில் குழிக்குள் மட்டும் உரத்தைக் கொட்டினால் அது தண்ணீர் தேங்கும் சட்டியாகிவிடும், வேரும் அந்தச் சொகுசை விட்டு வெளியே போகாது. தொழு உரத்தை மேலே பரப்பி, அதன்மேல் காய்ந்த இலையோ மரத்தூளோ 2 முதல் 4 அங்குலம் மூடாக்கு போடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும். தண்டில் சாய்த்துக் குவித்த மூடாக்கு பட்டையை அழுகச் செய்யும். குச்சி தேவைப்பட்டால் தளர்வாகக் கட்டி, ஒரு வருடத்தில் எடுத்துவிடுங்கள். காற்றில் ஆடினால்தான் தண்டு பருக்கும்.

மரம் வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்?

முழுதாக வளர்ந்த பிறகு எவ்வளவு உயரம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 25 அடிக்குள் நிற்கும் சிறு மரம் என்றால் சுவரிலிருந்து 10 அடி, நடுத்தர மரம் 20 அடி, பெரிய மரம் 30 அடிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். மின்கம்பிக்குக் கீழே சிறு மரம் தவிர எதுவும் கூடாது.

வேர் கீழே எவ்வளவு ஆழம் போகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலான வேர்கள் மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கும். பக்கவாட்டில்தான் அவை கிளை விரிவைத் தாண்டி, இரண்டு மூன்று மடங்கு தூரம் வரை போகும். நல்ல குழாயை வேர் உடைத்துக்கொண்டு நுழைவது அபூர்வம். கசியும் இணைப்பில் ஈரத்தைத் தேடித்தான் அது நுழைகிறது. ஈரத்துக்கு உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண்ணில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பெரிய மரம் ஈரத்தை உறிஞ்சும்போது மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கக்கூடும்.

மழை பெய்தால் வீட்டுச் சுவர் ஓரம் தண்ணீர் நிற்கிறது. பூச்செடி வைத்தால் உறிஞ்சிக்கொள்ளுமா?

உறிஞ்சாது. நிலத்தின் சரிவைத்தான் சரிசெய்ய வேண்டும். சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் தரை அரை அடியாவது தாழ்ந்து போக வேண்டும். ஒரு நூலைக் கட்டி, மட்டப்பலகை வைத்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். மண்ணைச் சுவரோரம் உயர்த்தும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சுவரில் ஈரம் ஏறாமலிருக்கப் போட்ட தடுப்பு அடுக்குக்கு அரை அடி கீழேயே மண் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் ஈரமும் கரையானும் உள்ளே வரும்.

கூரைத் தண்ணீர் சுவரோரம் விழுந்தால் எந்தச் சரிவும் பத்தாது. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். அதைக் குழாய் வழியாகத் தள்ளிக் கொண்டுபோய்த் தொட்டியிலோ, தோட்டத்தின் தாழ்வான பகுதியிலோ விடுங்கள். தண்ணீர் இல்லை என்று வருந்துகிற தோட்டங்கள் பலவற்றில் இது வீணாகத் தெருவுக்கு ஓடுவதைப் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை.

மட்கு உரத் தொட்டி நாறுகிறது. என்ன செய்வது?

காய்ந்த இலை போடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஈரம் அதிகம், காற்று குறைவு. மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம். இரண்டுக்கும் காய்ந்த பொருளைச் சேர்த்துக் கிளறிவிடுவதே மருந்து. பச்சைக் கழிவு ஒரு கூடை என்றால், காய்ந்த இலை, வைக்கோல், கிழித்த அட்டை இரண்டு, மூன்று கூடை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். குவியல் மூன்றடி நீளம், அகலம், உயரம் இருந்தால் நடுவில் 55 முதல் 65 டிகிரி வரை சூடேறும். காலையில் கிளறும்போது ஆவி பறப்பதைப் பார்க்கலாம். இறைச்சி, எண்ணெய், பால் பொருள், நாய் பூனைக் கழிவு வேண்டாம். நன்றாகச் சூடேறிய குவியல் இரண்டு மூன்று மாதத்தில் தயாராகிவிடும். சும்மா விட்டுவைத்தால் ஒரு வருடம்வரை ஆகலாம், அதுவும் தவறில்லை.

உரப் பையில் மூன்று எண்கள் போட்டிருக்கிறதே?

வரிசையாகத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, எடையில் எத்தனை சதவீதம் என்று. முதல் எண் 10 என்றால் 50 கிலோ மூட்டையில் 5 கிலோ தழைச்சத்து. தழைச்சத்து அதிகமானால் செடி பச்சைப் பசேலென்று மதமதவென வளரும், காய்க்காது, சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியும் தேடி வரும். பையில் போட்டிருக்கும் அளவில் பாதியில் தொடங்குங்கள். குறைந்தால் சேர்க்கலாம், கூடினால் திரும்ப எடுக்க முடியாது.

இலை மஞ்சளாகிறது. என்ன குறை?

எந்த இலை என்று பாருங்கள். அடியில் இருக்கும் பழைய இலை முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறை. பழைய இலையிலேயே நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மஞ்சளானால் மெக்னீசியம். நுனியில் வரும் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. இரும்புக் குறைக்குப் பெரும்பாலும் மண்ணின் காரத்தன்மைதான் காரணம். மண்ணில் இரும்பு இருக்கும், வேரால் எடுக்க முடியாது. ஆனால் இதற்கெல்லாம் முன்னால், விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஊறிக் கிடக்கும் வேரும் இலையை மஞ்சளாக்கும், அதுதான் அதிகம் நடப்பது.

பூக்கிறது, ஆனால் காய் பிடிக்கவில்லையே?

பூசணி, சுரை, பாகல், பீர்க்கு போன்ற கொடிகளில் ஆண் பூ முதலில் வரும். ஒன்றிரண்டு வாரம் அது மட்டுமே பூத்து உதிரும், பதற வேண்டாம். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று இருக்கும், அதுதான் அடையாளம். தேனீ வராத இடமென்றால் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். நேரம் முக்கியம்: பூசணியும் பாகலும் விடியற்காலையில் விரியும், சுரையும் பீர்க்கும் மாலையில் விரியும். காலை 10 மணிக்குப் போய்ச் சுரைக்குத் தேய்த்துப் பயனில்லை.

தக்காளியில் பகல் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவும் புழுக்கமாகவே இருந்தாலோ மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். உரத்தால் அது தீராது, வெப்பம் தணியும்வரை கொஞ்சம் நிழல் கொடுத்துக் காத்திருங்கள். காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிவிழுந்தால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். மண்ணில் அது இருந்தாலும், ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று நீர் பாய்ச்சினால் இது வரும். தண்ணீரைச் சீராக்கி மூடாக்கு போட்டால் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

முட்டை ஓடு போட்டால் காயின் அடி கறுப்பது சரியாகாதா?

முட்டை ஓடு மக்கப் பல வருடம் ஆகும். இந்தப் பருவத்துக் காய்க்கு உதவாது. மாவாகப் பொடித்து மட்கு உரத்தில் சேருங்கள்.

மிளகாய்ச் செடி இலை சுருட்டிக்கொள்கிறது. எந்த மருந்து அடிப்பது?

இலை மேல்நோக்கிப் படகுபோல மடங்கினால் இலைப்பேன். கவிழ்த்த படகுபோலக் கீழ்நோக்கி மடங்கினால் சிலந்திப்பேன். இரண்டும் இலையின் அடியில்தான் இருக்கும், வெள்ளைத் தாளின்மேல் தட்டினால் ஊர்வது தெரியும். முதலில் சுருண்ட நுனிகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, இலையின் அடிப்புறத்தில் வேகமாகத் தண்ணீர் அடியுங்கள். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய சில சொட்டு திரவ சோப்பு. முதலில் எண்ணெயையும் சோப்பையும் கலந்து, பிறகு தண்ணீரில் சேருங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, இரண்டு இலையில் அடித்துப் பார்த்து, மறுநாள் கருகவில்லை என்றால் முழுச் செடிக்கும் அடியுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடி. செடி முழுதும் குட்டையாகி, இலை தடித்து மஞ்சள் பூத்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், மற்றவற்றைக் காப்பாற்றலாம்.

அசுவினி கூட்டத்துக்கு நடுவே, கறுப்பாக, முதலையைச் சிறிதாக்கியதுபோல, ஆரஞ்சுப் புள்ளியோடு ஒரு புழு மெதுவாக ஊர்ந்தால் தயவுசெய்து நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு. ஒவ்வொரு அசுவினியாகப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தால் நீங்களே பார்க்கலாம். மாவுப்பூச்சி இருக்கும் செடியில் எறும்பு ஏறி இறங்கினால் முதலில் எறும்பை நிறுத்துங்கள். இனிப்புக் கழிவுக்காக எறும்புதான் அவற்றுக்குக் காவல்.

கோரை பிடுங்கப் பிடுங்க வருகிறது.

இலையைப் பிடுங்கினால் வரத்தான் செய்யும், உயிர் கீழே கிழங்கில் இருக்கிறது. மேலே அட்டை போட்டு மூடினாலும் அதைக் குத்திக்கொண்டு வெளியே வரும். ஈரமண்ணில் ஆழமாகத் தோண்டிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். மீதியை, ஐந்தாறு இலை விடுவதற்கு முன்பே விடாமல் வெட்டிக்கொண்டே இருந்தால் கிழங்கின் சேமிப்பு தீர்ந்து ஓய்ந்துவிடும். ஒரு பருவம், சில இடங்களில் இரண்டு பருவம் ஆகும். விதையால் பரவும் மற்ற களைகளுக்கு மூடாக்கும், பூக்கும் முன் கொத்திவிடுவதும் போதும்.

புல்தரை வைக்கலாமா?

உட்காரவும் குழந்தைகள் விளையாடவும் தேவையான அளவு மட்டும் வையுங்கள். மரநிழலில் வேண்டாம், வராது. ஒருமுறைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. ஒட்ட வெட்டினால் வேர் சிறுக்கும், களை புகும். வெட்டிய துண்டுகளை அங்கேயே விடுங்கள், அதுவே உரம்.

கிளை வெட்டிய இடத்தில் பெயின்ட் பூச வேண்டுமா?

வேண்டாம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கு வாட்டில் அறுத்துப் பார்த்து, மரம் தன் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிலும் சுவர் எழுப்பி உள்ளேயே அடைத்துவிடுகிறது என்று 1970-களில் விளக்கினார். பூச்சு அந்த வேலைக்கு உதவாது. வெட்டும் இடம்தான் முக்கியம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல ஒரு தடிப்பு இருக்கும். அதைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே வெட்டுங்கள். கனமான கிளை என்றால் முதலில் ஓர் அடி தள்ளி அடியிலிருந்து பாதி வெட்டு, அதற்கும் கொஞ்சம் வெளியே மேலிருந்து முழு வெட்டு, கடைசியாக மிச்சக் குச்சி. இல்லாவிட்டால் விழும் கிளை பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். ஒரு வருடத்தில் கால் பங்குக்கு மேல் கவாத்து வேண்டாம். ஏணி போட்டு ஏற வேண்டிய கிளையை அதற்கென்று பழகியவர்களிடம் விடுங்கள்.

நடைபாதையும் பாத்தியும் எவ்வளவு அகலம்?

இருவர் சேர்ந்து நடக்க 4 அடி, பாத்திகளுக்கு நடுவே 2 அடி. பாத்தி 4 அடிக்கு மேல் அகலம் இருந்தால் நடுவில் கை எட்டாது, உள்ளே மிதிப்பீர்கள். பாதையை அழகுக்காக வளைக்காதீர்கள். சில மாதம் நீங்கள் நடந்து தேய்ந்த தடம் எங்கே விழுகிறதோ அங்கே போடுங்கள்.

புதர்ச்செடி வைக்கும்போது, முழுதாக வளர்ந்த அகலத்துக்குக் கயிற்றால் வட்டம் போட்டுப் பார்த்து நடுங்கள். முதல் இரண்டு வருடம் தோட்டம் காலியாகத்தான் தெரியும். அந்த இடைவெளியில் ஒரு பருவப் பூச்செடிகளைப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு வாரம் ஊருக்குப் போக வேண்டும். செடிகளை என்ன செய்வது?

தரையில் இருப்பவற்றுக்கு முந்தின மாலை ஆழமாகத் தண்ணீர் விட்டு மூடாக்கு போட்டால் போதும். தொட்டிகளை நிழலுக்கு நகர்த்தி நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். பழுக்கத் தொடங்கிய காய்களையும் பூக்களையும் பறித்துவிட்டால் செடியின் தண்ணீர்த் தேவை குறையும். டைமரோடு சொட்டு நீர் போடுவதாக இருந்தால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டு ஓட்டிப் பாருங்கள்.

திரும்பி வரும்போது ஒரு தொட்டியில் மண் சுருங்கி ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தால், மேலே ஊற்றும் தண்ணீர் அந்த ஓரமாகவே வழிந்து கீழே போய்விடும், வேர் நனையாது. தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் விளிம்பு வரை இறக்கி வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து வடியவிட்டு, இரண்டு நாள் நிழலிலேயே இருக்கட்டும்.